கொடுபட வேண்டிய கூலி

டிஸ்கி: பதிவு கொஞ்சம் நீளம். நடுவில் கணக்குப்பதிவியல் வேறு வரும். காமர்ஸ் படிக்காதவர்கள் பயப்பட வேண்டாம், பிளஸ் ஒன் பாடத்துக்கு மேல் போகவில்லை :-)

இந்த செமஸ்டரில் எங்களுக்கு வணிக நெறிமுறை என்று ஒரு பேப்பர். "கடைசி நாள் படிச்சாப் போதும்" லிஸ்டில் எல்லோரும் ஏகமனதாகச் சேர்த்து வைத்திருக்கும் பேப்பர். அதில் ஆளுக்கொரு செமினார் தலைப்பு. என் பங்குக்கு வந்தது: ஒரு நிறுவனம் தன் சொந்த வேலைகளிலும் சரக்கு வாங்கும் சங்கிலியிலும் நவீன அடிமைத்தனம் நுழையாமல் எப்படித் தடுப்பது. பக்கத்தில் இருந்தவளுக்கு பிராண்ட் விசுவாசம். அவள் நாலு ஷாம்பு விளம்பரத்தைக் காட்டி முடித்துவிட்டாள். நான் மூன்று வாரமாக இதிலேயே கிடக்கிறேன்.

அடிமை என்றதும் நமக்கு சங்கிலி, சாட்டை, கப்பல் இவைதான் ஞாபகம் வரும். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1930லேயே கட்டாய உழைப்புக்கு ஓர் இலக்கணம் சொல்லி வைத்திருக்கிறது. ஏதோ ஒரு தண்டனை வரும் என்ற மிரட்டலின் கீழ், ஆள் மனமொப்பி முன்வராமல் வாங்கப்படும் வேலை. அவ்வளவுதான். சாட்டை அதில் இல்லை. அதே அமைப்பு மற்றவர்களோடு சேர்ந்து 2022இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி 2021இல் உலகம் முழுக்கக் கட்டாய உழைப்பில் இருந்தவர்கள் 2.76 கோடிப் பேர். இந்த மாதிரிப் பெரிய எண்கள் என் மண்டையில் நிற்பதில்லை. ஆகவே எனக்குத் தெரிந்த ஒரே ஓர் ஆளை வைத்துச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் திண்டுக்கல் மாவட்டம், வேடசந்தூர் பக்கம். மழை கம்மி, நூல் மில்லு ஜாஸ்தி. பெரியம்மா மகள், எனக்கு அக்கா, 2009இல் பத்தாவது முடித்த கையோடு மில்லுக்குப் போனாள். அப்போது அவளுக்குப் பதினாறு. ஊருக்குள் ஒரு புரோக்கர் நோட்டீஸ் கொண்டு வந்தார். மூன்று வருடம் வேலை, ஹாஸ்டல், சாப்பாடு, முடியும்போது 35,000 ரூபாய் மொத்தமாகக் கையில். கல்யாணச் செலவுக்கு ஆச்சு. சுமங்கலித் திட்டம் என்று பெயர். சில மில்களில் திருமகள் திருமணத் திட்டம் என்பார்கள், சில இடங்களில் வெறுமனே "கேம்ப் கூலி". எந்தக் கைராசிக்காரர் உட்கார்ந்து இந்தப் பெயரெல்லாம் வைத்தாரோ தெரியாது. வரதட்சணை வாங்குவதும் கொடுப்பதும் குற்றம் என்று 1961இல் சட்டம் போட்ட நாட்டில், வரதட்சணைக்குச் சேமிக்க ஒரு வேலைத் திட்டம், அதற்கு மங்களகரமான பெயர்!

அக்காவுக்கு ஸ்பின்னிங்கில் சைடர் வேலை. இழை அறுந்தால் ஓடிப் போய் ஒட்டணும். ஷிஃப்ட் எட்டு மணி நேரம் என்று பேர், ஆள் வராவிட்டால் அடுத்த ஷிஃப்டிலும் பாதி. நாளுக்கு 60 ரூபாயில் ஆரம்பித்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொஞ்சம் ஏறும், மெஸ்ஸுக்கு 15 ரூபாய் பிடித்தம். வாரத்துக்கு ஒரு போன், வார்டன் பக்கத்திலேயே நிற்பார். வெளியே கடைக்குப் போவது மாதம் ஒரு தடவை, மில் வண்டியில், கூட ஆளோடு.

இந்தத் தலைப்பு வந்ததும் அக்காவிடம் போனில் கேட்டேன். "அங்க யாரும் எங்கள அடிமை மாதிரி நடத்தல பாப்பா. வார்டன் அக்கா சாப்புட்டியா சாப்புட்டியான்னுதான் கேப்பாங்க. ஆனா போகணும்னு நெனச்சப்ப போக முடியல, அவ்ளோதான்."

அந்த "அவ்ளோதான்" இருக்கே, அதற்குத்தான் ஐ.நா. வரைக்கும் ஒப்பந்தங்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

31 மாதம் முடிந்தபோது அவளுக்கு டைபாய்டு. வீட்டுக்கு வந்து ஒரு மாதம் படுத்துக் கிடந்தாள். திரும்பிப் போனால், தொடர்ந்து வராததால் பெயர் எடுத்தாச்சு, திட்டம் முறிஞ்சு போச்சு என்றார்கள். பெரியப்பா நாலு தடவை வாசலில் போய் நின்றார். கடைசியில் 8,000 கொடுத்தார்கள், அதுவும் ஏதோ தர்மம் மாதிரி. மில் பெயர் இங்கே வேண்டாம்.

சரி, இப்போது நம்ம சப்ஜெக்டுக்கு வருவோம்.

அந்த 35,000 என்ன? போனஸா, அன்பளிப்பா, சீரா? எதுவும் இல்லை. அவள் மாதாமாதம் வாங்கியிருக்க வேண்டிய கூலியில் பிடித்து வைத்த பணம். பிளஸ் ஒன்னில் சரிக்கட்டுப் பதிவு போட்டோமே, கொடுபட வேண்டிய கூலி, அதேதான். வேலை நடந்துவிட்டது, பணம் போகவில்லை. ஆக அது நிறுவனத்தின் பொறுப்பு, இருப்புநிலைக் குறிப்பில் இடது பக்கம் உட்கார வேண்டிய கடன். கூலிக் காலம் ஒரு மாதத்துக்கு மேல் போகக் கூடாது என்று 1936ஆம் வருடக் கூலிச் சட்டமே சொன்னது. அதற்குப் பதிலாக வந்த 2019 ஊதியத் தொகுப்பும் அதையே சொல்கிறது. மூன்று வருடக் கூலிக் காலம் என்று ஒன்று சட்டத்தில் கிடையவே கிடையாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன் (இது நானே எடுத்துக்கொண்ட உதாரணம், எந்த மில்லின் கணக்கும் இல்லை). 500 பெண்கள். ஆளுக்கு மாதம் 1,000 ரூபாய் பிடித்து வைக்கிறார்கள். இரண்டு வருட முடிவில் மில்லின் கையில் இருக்கும் அவர்கள் பணம் 1 கோடியே 20 லட்சம். வட்டி கிடையாது, அடமானம் கிடையாது. பேங்கில் நடைமுறை மூலதனக் கடனாக 12 சதவீதத்தில் வாங்கியிருந்தால் வருடத்துக்கு 14 லட்சத்துக்கு மேல் வட்டி. பதினாறு வயசுப் பிள்ளைகள் மில் முதலாளிக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள், அது கடன் என்றே தெரியாமல்.

இதைவிட மோசமானது அடுத்த படி. அந்த 500 பேரில் 150 பேர் 24ஆம் மாதத்தோடு போய்விடுகிறார்கள் என்று வையுங்கள், உடம்பு முடியாமலோ துரத்தப்பட்டோ. ஒன்றும் கொடுக்காமல் அனுப்பினால் மில்லுக்கு 36 லட்சம் மிச்சம். கடன் கொடுத்தவரே காணாமல் போனால் கடன் தள்ளுபடி! இப்படி ஒரு ஏற்பாடு இருக்கும்போது ஒருத்தியை 34ஆம் மாதத்தில் வைத்துக்கொள்வதைவிட அனுப்பிவிடுவதுதான் லாபம். முதலாளி கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை, கணக்கே அந்தப் பக்கம் தள்ளும். கடைசி மாதங்களில் ஏதாவது காரணம் சொல்லி அனுப்பப்பட்ட பெண்களைப் பற்றி அக்கா மட்டும் சொல்லவில்லை. நெதர்லாந்தின் சோமோ ஆய்வு மையமும் இந்தியக் கமிட்டியும் 2011இல் வெளியிட்ட "கேப்ச்சர்ட் பை காட்டன்" அறிக்கையிலும் மொத்தத் தொகை கிடைக்காமல் போனவர்கள் வருகிறார்கள்.

"அவங்களா விருப்பப்பட்டுத்தானே போனாங்க?" என்று என் ரூம்மேட் கேட்டாள். நல்ல கேள்வி. இதற்கு நம் உச்ச நீதிமன்றம் 1982லேயே பதில் சொல்லிவிட்டது. டில்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமான வேலையில் குறைந்தபட்சக் கூலி கொடுக்காதது பற்றிய வழக்கு. நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்பு. வறுமையும் பசியும் தள்ளி, வேறு வழியில்லாமல் ஒருவர் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை செய்தால் அதுவும் அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்புதான் என்றது. துப்பாக்கியை நெற்றியில் வைத்தால்தான் கட்டாயம் என்பதில்லை. வெளிநாட்டு அறிக்கைகளை எல்லாம் வரிவரியாகப் படிக்கும் நாம் இந்தத் தீர்ப்பை ஏன் படிப்பதில்லை என்று எனக்குப் புரியவில்லை. பாடத்திட்டத்தில் இல்லை, வேறென்ன.

இனி கம்பெனிகள் பக்கம். பிரிட்டனில் 2015இல் நவீன அடிமைத்தனச் சட்டம் வந்தது. அதன் 54ஆம் பிரிவுப்படி வருடத்துக்கு 3.6 கோடி பவுண்டு விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள் அடிமைத்தனத்தைத் தடுக்க என்ன செய்தோம் என்று வருடா வருடம் ஓர் அறிக்கை எழுதி, இயக்குநர் குழு ஒப்புதலோடு, தங்கள் இணையதளத்தில் போட வேண்டும். கலிஃபோர்னியாவில் இதற்கு முன்பே 2010இல் ஒரு சட்டம், ஆஸ்திரேலியாவில் 2018இல். பிரிட்டன் சட்டத்தில் ஒரு வேடிக்கை: "நாங்கள் ஒன்றுமே செய்யவில்லை" என்று எழுதிப் போட்டாலும் சட்டப்படி சரி! அறிக்கை போடாவிட்டால் அரசு நீதிமன்றத்துக்குப் போய் உத்தரவு வாங்கலாம், நேரடி அபராதம் கிடையாது.

செமினாருக்காக ஆறு கம்பெனிகளின் அறிக்கைகளைப் படித்தேன். எல்லாம் ஒரே அச்சு. எங்களிடம் கொள்கை இருக்கிறது, சப்ளையர் கையெழுத்துப் போட்டிருக்கிறார், ஆடிட் நடக்கிறது, ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தோம், சகித்துக்கொள்ளவே மாட்டோம். ஆறிலும் சிரிக்கும் பெண் ஒருத்தி தையல் மெஷின் முன்னால். நூல் மில் படம் ஒன்றில்கூட இல்லை. (பஞ்சு தூசியில் போட்டோ சரியாக விழாதோ என்னவோ.)

விஷயமே அங்கேதான் இருக்கிறது. வெளிநாட்டு பிராண்ட் ஆர்டர் கொடுப்பது திருப்பூர் எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு. அங்கே டைல்ஸ் தரை, தீயணைப்பு சிலிண்டர், புகார்ப் பெட்டி எல்லாம் இருக்கும். ஆடிட்டர் அங்கே வந்து பார்த்துவிட்டு டிக் போட்டுவிட்டுப் போவார். அந்தத் துணி நிட்டிங்கிலிருந்து வருகிறது, நூல் மில்லிலிருந்து, பஞ்சு ஜின்னிங்கிலிருந்து. பின்னால் போகப் போக டார்ச் வெளிச்சம் குறையும். 2014இல் அதே டச்சு அமைப்புகள் "ஃப்ளாட் ஃபேப்ரிக்ஸ்" என்று இன்னொரு அறிக்கை போட்டார்கள், தமிழ்நாட்டின் ஐந்து நூற்பாலைகளைப் பற்றி. மூன்று வருட இடைவெளி, எவ்வளவோ கொள்கைகள், மறுபடி அதே ஹாஸ்டல் கேட்.

ஆடிட்டை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு கராச்சியின் அலி எண்டர்பிரைசஸ் போதும். 2012 செப்டம்பரில் தீப்பிடித்து 250க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். எஸ்.ஏ. 8000 சான்றிதழ் அந்த ஆலைக்குக் கிடைத்துச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தது.

"எங்க நூல் எந்த மில்லுல இருந்து வருதுன்னு எங்களுக்கே தெரியாதுங்க" என்று ஒரு சமாதானம் உண்டு. போன லீவில் திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் ஆபீசில் ஆறு வாரம் இன்டர்ன்ஷிப் இருந்தேன். அக்கவுண்ட்ஸில்தான், பில் எண்ட்ரி. அங்கே பார்த்தது: ஒவ்வொரு நூல் பில்லிலும் மில் பெயர், கவுண்ட், லாட் நம்பர். கோனுக்குள் ஒட்டிய லேபிளிலும் அதே. காரணம் மனித உரிமை அல்ல. லாட் கலந்துவிட்டால் சாயம் போட்ட பிறகு துணியில் பட்டை பட்டையாகத் தெரியும், மொத்தச் சரக்கும் ரிஜக்ட் ஆகும். அதனால் கலக்கவே விடமாட்டார்கள். நிட்டிங் மாஸ்டர் ஒரு ரோல் துணியைக் காட்டி, "இது இந்த மில்லு, இந்த லாட்டு" என்று பார்க்காமலே சொன்னார். ஷேடு மாறாமல் இருக்க மில் வரைக்கும் பின்னால் போக முடிகிறது. ஹாஸ்டலைப் பற்றி இரண்டு வரி கேட்க மட்டும் சங்கிலி நீளமாக இருக்கிறதாம்!

ஆக ஒரு கம்பெனிக்கு உண்மையிலேயே தடுக்க வேண்டும் என்று இருந்தால் முதல் வேலை அந்த நூல் பில்களை அடுக்கி வைத்து மில் லிஸ்ட் எடுப்பது. ஒரு மதியம் ஆகும்.

அடுத்தது புரோக்கர். ஊரில் ஆள் பிடித்துக் கொடுப்பவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன். அதை யார் கொடுக்கிறார்கள், கடைசியில் யார் சம்பளத்தில் கழிகிறது என்று கேட்க வேண்டும். வேலை கொடுப்பவரே ஆள் எடுக்கும் செலவு முழுவதையும் ஏற்க வேண்டும் என்பது இன்று உலகம் முழுக்கப் பேசப்படும் கொள்கை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் இப்போது காலேஜுக்கு வந்துவிட்டார்கள் (நானே சாட்சி). சுமங்கலி போஸ்டரும் இப்போதெல்லாம் கண்ணில் படுவதில்லை. மில்லும் ஹாஸ்டலும் காலியாகவா கிடக்கின்றன? ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார் பெண்கள் வந்திருக்கிறார்கள். பெரியப்பாவாவது பஸ் ஏறி நாலு தடவை வாசலில் போய் நின்றார். ஜார்க்கண்டிலிருந்து எந்தப் பெரியப்பா வருவார்? புகார்ப் பெட்டிக்கு மேல் தமிழில் எழுதியிருப்பதை அவர்கள் எப்படிப் படிப்பார்கள்?

மூன்றாவது, விலை. இதை எந்த அறிக்கையும் தொடுவதில்லை. விலையைக் குறை, தேதியை முன்னால் கொண்டு வா, கடைசி நிமிடத்தில் கலரை மாற்று. இதெல்லாம் கீழே இறங்கும்போது ஓவர்டைமாகவும் பிடித்தமாகவும்தான் மாறும். இன்டர்ன்ஷிப்பில் மெர்ச்சண்டைசர் அண்ணா ஒருவர் ஒரே நாளில் ஒரே பிராண்டிடமிருந்து இரண்டு மெயில் காட்டினார். ஒன்று சமூகப் பொறுப்புப் பிரிவிலிருந்து, ஓவர்டைம் பற்றிக் கேள்விப் படிவம். இன்னொன்று பர்ச்சேஸ் பிரிவிலிருந்து, ஷிப்மெண்ட்டை ஒன்பது நாள் முன்னால் தள்ளச் சொல்லி. "ரெண்டுக்கும் 'நோட்டட் வித் தேங்க்ஸ்'னு ரிப்ளை போடணும்மா" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"அப்போ அந்த மில்லை விட்டுட்டு வேற மில்லுக்குப் போயிட வேண்டியதுதானே?" இதுவும் ரூம்மேட்தான். ஆர்டரை நிறுத்தினால் பிராண்டின் அறிக்கை சுத்தமாகிவிடும். ஹாஸ்டலில் இருப்பவளுக்கு வேலையும் போய், பிடித்து வைத்த பணமும் போகும். இதற்கு மாற்று வழி ஒன்று எங்கள் மாவட்டத்திலேயே நடந்தது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தின் நாச்சி அப்பேரல் ஆடை ஆலையில் வேலை பார்த்த தலித் இளம் பெண் ஒருவர் கொல்லப்பட்டார். மேற்பார்வையாளர் ஒருவர் கைதானார். அங்கே பாலியல் தொல்லை பற்றிப் பல பெண்கள் பேச ஆரம்பித்தார்கள். பெண்கள் தலைமை தாங்கும் டி.டி.சி.யு. தொழிற்சங்கம் விடவில்லை. 2022 ஏப்ரலில் அந்தச் சங்கமும், ஆலையின் உரிமையாளரான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸும், எச் அண்ட் எம்மும், ஆசிய அளவிலும் அமெரிக்காவிலும் உள்ள தொழிலாளர் அமைப்புகளும் சம்பந்தப்பட்ட திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. கேப், பி.வி.எச். நிறுவனங்களும் சேர்ந்தன.

இதில் எனக்குப் பிடித்தது, இது கொள்கை அறிக்கை அல்ல, ஒப்பந்தம். மீறினால் சட்டப்படி இழுக்கலாம். வருடத்துக்கு ஒரு நாள் வரும் ஆடிட்டருக்குப் பதிலாக, சங்கம் பயிற்சி கொடுத்த தொழிலாளிகளே தளத்தில் கண்காணிப்பாளர்கள். சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது. ஆலை ஒத்துழைக்கவில்லை என்றால் பிராண்ட் ஆர்டரைக் குறைத்தாக வேண்டும், அதற்கு முன்னால் ஓடக் கூடாது. 2023இல் வந்த முன்னேற்ற அறிக்கையில் 185 புகார்கள், அதில் 182 தீர்க்கப்பட்டதாக இருந்தது. புகாரே வரவில்லை என்று பெருமைப்படும் ஆறு அறிக்கைகளைப் படித்த பிறகு, 185 புகார் வந்தது என்று சொல்லும் ஓர் அறிக்கையைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. சொன்னால் நடக்கும் என்று நம்பிக்கை வந்தால்தானே சொல்வார்கள்.

இன்னொரு கொசுறு. 2022 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை கட்டாய உழைப்புச் சந்தேகத்தில் நாச்சி அப்பேரல் சரக்கைத் துறைமுகத்தில் நிறுத்த உத்தரவு போட்டது. அதே செப்டம்பரில் தளர்த்தியது. நிலைமை சரி செய்யப்படுகிறது என்று காட்ட அந்த ஒப்பந்தம் கையில் இருந்தது. கப்பலில் சரக்கு நின்றால் மூன்று வருட அறிக்கைகள் சாதிக்காததை ஒரு வாரத்தில் சாதிக்கலாம் போல.

இந்தியாவில்? செபி 2021இல் கொண்டு வந்த பி.ஆர்.எஸ்.ஆர். படிவத்தில் பட்டியலிடப்பட்ட முதல் 1000 நிறுவனங்கள் குறைந்தபட்சக் கூலி, கட்டாய உழைப்புப் புகார்கள் பற்றியெல்லாம் எழுத வேண்டும். நல்லதுதான். ஆனால் எங்கள் ஊரைச் சுற்றி இருக்கும் மில்கள் பெரும்பாலும் பங்குச்சந்தைப் பக்கமே போகாத குடும்பக் கம்பெனிகள். அவர்களின் கணக்கை வெளியாள் ஒருவர் திறந்து பார்ப்பது ஆடிட்டுக்குத்தான், நம்ம ஊர் சி.ஏ. ஆபீஸ் ஆடிட்டுக்கு.

நம் வகுப்பில் நாலு பேர் கோயம்புத்தூரிலும் திண்டுக்கல்லிலும் ஆர்டிகிள்ஷிப் சேரப் போகிறீர்கள். மில் கணக்கு கட்டாயம் கைக்கு வரும். மஸ்டர் ரோலும் கூலிப் பதிவேடும் வாங்கி வைத்து டோட்டல் சரிபார்க்கும்போது, வேலையை விட்டுப் போனவர்கள் பெயருக்கு நேராகக் கடைசித் தீர்வு எவ்வளவு, யார் கையெழுத்து, எந்தத் தேதி என்று ஒரு பத்துப் பேருக்குப் பாருங்கள். பிடித்து வைத்த தொகை கொடுபட வேண்டிய கூலியில் இருக்கிறதா, "இதர வருமானம்" என்று லாப நட்டக் கணக்குக்கு நகர்ந்திருக்கிறதா என்றும். நகர்ந்திருந்தால் வவுச்சர் கேளுங்கள்.